தொடர்பு அறுந்ததைச் சொல்லாத திரை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கியர், ஷாஃப்ட் போன்ற உதிரிபாகங்களுக்கு ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தரும் பட்டறைகள் உண்டு. எஃகின் மேற்பரப்பில் கார்பன் ஏற்றும் கார்பரைசிங் ஃபர்னஸ் ஏறத்தாழ 920 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ஃபர்னஸ் கன்ட்ரோலரிலிருந்து இரண்டு வயர் கிளம்பி, சுவரோரமாக ஓடி, சூப்பர்வைசர் அறையின் கம்ப்யூட்டரில் முடியும். நள்ளிரவில் அந்த வயரை எலி கடித்துவிட்டால் திரையில் என்ன தெரியும்? மென்பொருளைச் சரியாக அமைக்காத இடத்தில் 920 என்றே தெரியும். கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். ஃபர்னஸ் 860-க்கு இறங்கினாலும் 920. ஹீட்டர் அணைந்தே போனாலும் 920.

காலையில் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், அனுபவசாலிக்கு ஒரு நொடியில் விஷயம் புரிந்துவிடும். உண்மையான ஃபர்னஸின் கோடு 918, 921, 919 என்று நெளிந்துகொண்டே இருக்கும். தொடர்பு அறுந்த ஃபர்னஸின் கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேராகப் போகும். ஆனால் அதற்குள் ஒரு சார்ஜ், அதாவது ஒரே தடவையில் ஃபர்னஸுக்குள் ஏற்றிய உதிரிபாகங்கள் முழுக்க வீணாகியிருக்கும். ஹீட் ட்ரீட்மென்டுக்காகக் கார் கம்பெனிகள் பின்பற்றும் சிக்யூஐ-9 தணிக்கையில் வெப்பநிலைப் பதிவைத்தான் முதலில் கேட்பார்கள். அந்த நேர்கோட்டைக் காட்டி யாரிடம் என்ன விளக்கம் சொல்வது?

1964-ல் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்கூடங்கள் இயங்குகின்றன. ஆவடி, திருமுல்லைவாயில், பூந்தமல்லி வரை சிறு, நடுத்தர ஆலைகள் பரவிக் கிடக்கின்றன. கடன் வாங்கியாவது புது மெஷின் போடும் துணிச்சல் இங்குள்ள முதலாளிகளுக்கு உண்டு. மெஷினை இயக்கும் பிஎல்சி வாங்குகிறார்கள், அதன் தகவலைத் திரையில் காட்டும் ஸ்காடா மென்பொருள் போடுகிறார்கள், ஆபீஸில் பெரிய திரை மாட்டுகிறார்கள். மெஷினுக்கும் திரைக்கும் நடுவே இருக்கும் தொடர்பு உயிரோடு இருக்கிறதா என்று கண்காணிக்கும் ஏற்பாட்டை மட்டும் கேட்டு வாங்குவதில்லை. அது இல்லாத திரையை நம்புவதைவிட, ஒரு ஆளை அனுப்பி மீட்டரைப் படித்துவரச் சொல்வது மேல்.

இது சின்னப் பட்டறைகளின் குறை மட்டுமல்ல. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், பிற்பகல் 2:14-க்குப் பிறகு அலாரம் மென்பொருள் உறைந்துபோனது. உறைந்துவிட்டது என்று அது யாருக்கும் சொல்லவில்லை. அலாரம் எதுவும் அடிக்காததால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றே அங்கிருந்தவர்கள் எண்ணினார்கள். வெளியே உயரழுத்த மின்பாதைகள் மரங்களில் உரசி ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பக்கத்து நிறுவனங்கள் போனில் கூப்பிட்டுக் கேட்டபோதும் திரையைத்தான் நம்பினார்கள். மாலை 4 மணி கடந்த சில நிமிடங்களில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக சுமார் 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தார்கள். மரம் வெட்டாதது ஒரு தவறு. ஆனால் தன் கண் மூடிவிட்டதைச் சொல்லத் தெரியாத மென்பொருள்தான், திருத்திக்கொள்ள மிச்சமிருந்த நேரத்தையும் விழுங்கியது.

அம்பத்தூர் பட்டறையில் இதைத் தடுக்கும் ஏற்பாடு பெரிய வித்தையல்ல. பலரும் செய்வது பிங் அடித்துப் பார்ப்பது, அதாவது ‘இருக்கிறாயா’ என்று நெட்வொர்க் வழியாகக் கேட்பது. பதில் வந்தால் தொடர்பு இருக்கிறது என்று முடிவு கட்டுவது. அது போதாது. பிஎல்சி ஸ்டாப் நிலைக்குப் போய் உள்ளே புரோகிராம் ஓடாமல் நின்றாலும், அதன் நெட்வொர்க் போர்ட் பிங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அனுபவமுள்ள இன்ஜினியர்கள் ஹார்ட்பீட் வைக்கிறார்கள். பிஎல்சி-க்குள் ஒரு எண் ஒவ்வொரு நொடியும் ஒன்று கூடிக்கொண்டே போகும். ஸ்காடா அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பத்து நொடி அந்த எண் நகரவில்லையா, அலாரம். வயர் அறுந்தாலும், மெஷின்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் செத்தாலும், புரோகிராம் நின்றாலும் இந்த ஒரே எண் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று, வசதி கையிலேயே இருந்தும் வீணாவது. மெஷினிலிருந்து ஸ்காடாவுக்குத் தகவல் அனுப்பும் ஓபிசி முறையில் வரும் ஒவ்வொரு தகவலும் மூன்றாக வரும்: மதிப்பு, அந்த மதிப்பு நம்பத்தக்கதா என்ற குறிப்பு, எடுத்த நேரம். தொடர்பு அறுந்தால் அந்தக் குறிப்பு தானாகவே ‘கெட்டது’ என்று மாறும். திரையை வடிவமைப்பவர் மதிப்பை மட்டும் இணைத்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார். எண்ணின் நிறம் சாம்பலாக மாறினாலோ, மேலே ஒரு குறுக்குக்கோடு விழுந்தாலோ போதும், நைட் ஷிப்ட் ஆபரேட்டர் எழுந்துபோய்ப் பார்ப்பார். அரை நாள் வேலை இது.

அலாரத்தை அளவுக்கு மீறி வைப்பதும் ஆபத்து. 1994 ஜூலையில் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தைய சுமார் 11 நிமிடங்களில், இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரங்கள் குவிந்தன. எதைப் பார்ப்பது, எதை விடுவது? ஒரு முறை பதில் வராவிட்டால் பொறுத்து, தொடர்ந்து மூன்று முறை வராதபோது மட்டும் அலாரம் அடிக்கச் செய்யலாம். ஒரு ஸ்விட்ச் போனால் அதன் பின்னால் உள்ள இருபது மெஷின்களுக்கும் தனித்தனியாகக் கத்தாமல், ‘இந்த ஸ்விட்ச் போய்விட்டது’ என்று ஒரே வரியில் சொல்ல வைக்கலாம். கரண்ட் போய் வரும் ஊரில் கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வைத்தவர்கள், பேனலுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச்சுக்கும் அதே யுபிஎஸ்ஸிலிருந்து ஒரு வயர் இழுக்க வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம்.

அலாரம் அடித்தால் மட்டும் போதுமா? தொடர்பு போனவுடன் மெஷின் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முதலிலேயே தீர்மானித்திருக்க வேண்டும். பூந்தமல்லியில் பணிமனை அமைத்து ஓட்டுநர் இல்லாமல் இயங்கும்படி மெட்ரோ ரயில் உருவாக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட ரயில்களுக்கான சிக்னல் முறையின் அடிப்படை விதி, ரேடியோத் தொடர்பு அறுந்தால் ரயில் ஓடக்கூடாது, நிற்க வேண்டும் என்பது. ஆலையில் இவ்வளவு எளிதல்ல. மேல்தொட்டியின் மட்டத்தைச் சொல்லும் சென்சார் பேசாமல் போனால் பம்ப் நின்றுவிடலாம். ஆனால் ஃபர்னஸை உடனே அணைத்தால் உள்ளே இருக்கும் சார்ஜ் போய்விடும். எந்த மெஷின் நிற்க வேண்டும், எது அப்படியே ஓட வேண்டும் என்பதைச் சொல்லவேண்டியவர் முதலாளியும் புரொடக்ஷன் ஆட்களும்தான். மென்பொருள் எழுத வந்தவரிடம் அதை விட்டால், அவர் தனக்குச் சுலபமானதைச் செய்துவிட்டுப் போவார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படியொரு இரவில் வீட்டிலிருந்தபடி செல்போனில் ஆலையைப் பார்க்கும் ஒருவருக்கு, கடைசியாக வந்த எண்களை மட்டும் காட்டும் ஆப் பொய்யான நிம்மதியைத்தான் தரும்.

அறுந்த தொடர்பைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. இருக்கக்கூடாத தொடர்பைக் கண்டுபிடிப்பது மறுபாதி. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் புகுந்திருந்தது. அதை செப்டம்பர் 4 அன்று சுட்டிக்காட்டியது செர்ட்-இன் என்ற மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு. அக்டோபர் இறுதியில் நிலையத்திடமிருந்து முதலில் மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் உண்மை என்று ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் கட்டமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 2017 மே மாதம், உலகெங்கும் பரவிய வன்னாக்ரை தாக்குதல் ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையின் உற்பத்தியையும் தொட்டது.

அம்பத்தூர் பட்டறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், தங்கள் பேனலைத் திறந்து பார்க்க வேண்டும். சர்வீஸ் இன்ஜினியர் வெளியூரிலிருந்து சரிசெய்வதற்காக மாட்டிய 4ஜி மோடம் அங்கே இன்னும் மினுமினுத்துக்கொண்டிருக்கலாம். யார், எப்போது, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பிஎல்சி-யோடு பேசினார் என்று பதிவாகாத ஆலைக்கு, நடந்தது கோளாறா திருட்டா என்று சொல்லவே வழியில்லை. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவு, சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவும், கடிகாரங்களை ஒரே நேரத்துக்குப் பொருத்தவும் சொல்கிறது. பிஎல்சி-யின் கடிகாரம் கம்ப்யூட்டரைவிட இருபது நிமிடம் பின்தங்கியிருந்தால் எந்தப் பதிவும் பயன்படாது.

செலவு என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடியாது. பெரும்பாலும் வாங்கிய மென்பொருளிலேயே தொடர்பைக் கண்காணிக்கும் வசதி இருக்கிறது. குறைந்த கொட்டேஷனுக்குத்தான் ஆர்டர் என்றால், கேட்காத வேலையை, இந்த அமைப்பை நிறுவித் தரும் எந்த இன்டகிரேட்டரும் செய்யமாட்டார். எனவே கேட்க வேண்டும், பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதியே கேட்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமான ஐமா, அதற்கான வாசகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கலாம். நவீன உற்பத்தித் தொழில்நுட்பத்துக்காகத் தரம் உயர்த்தப்பட்ட 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில், ரோபோவை ஓட்டக் கற்றுத்தருவதோடு இதையும் ஒரு செய்முறைப் பாடமாக வைக்கலாம்.

ஒப்படைக்கும் நாளில் செய்யவேண்டிய சோதனை அரை மணி நேரத்தில் முடியும். இன்டகிரேட்டர் பக்கத்தில் நிற்க, ஷிப்ட் ஆபரேட்டரே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கட்டும். திரையில் எண்ணின் நிறம் மாற எத்தனை நொடி ஆனது, யாருடைய போனுக்குத் தகவல் போனது, மெஷின் என்ன செய்தது என்று எழுதிக்கொள்ளட்டும். பிறகு பிஎல்சி-யை ஸ்டாப்பில் போட்டு ஒரு முறை, ஸ்விட்ச்சின் கரண்டை எடுத்து ஒரு முறை. மூன்றிலும் திரை உண்மையைச் சொன்ன பிறகு கையெழுத்து போடலாம். அதுவரை கடைசித் தவணைப் பணம் முதலாளியின் கையிலேயே இருக்கட்டும்.