உப்பைக் கொட்டினால் போதுமா?

மகளின் பிரசவத்துக்காக இரண்டு வருடத்துக்கு முன், டிசம்பர் மாதம் கனடா போயிருந்தேன். டொராண்டோவில் வீடு. போன பத்தாம் நாள், வாசலில் கார் நிறுத்தும் பாதையில் சம்பந்தியம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கீழே ஐஸ் இருந்ததே கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடி மாதிரி மெல்லிசாக, தாரின் கறுப்போடு கறுப்பாகக் கிடந்திருக்கிறது.

அன்றிலிருந்து மாப்பிள்ளை மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிக் கொட்டினார். ஆவக்காய் ஜாடிக்குக்கூட நாம் அப்படிப் போடமாட்டோம்! மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் அந்த உப்பும் சரியாக வேலை செய்வதில்லை. வாசல்படி சிமென்ட்டை அரிக்கிறது, ஓரத்துப் புல் கருகுகிறது.

எனக்குக் கைக்குழந்தையோடு ஜன்னலோரம் உட்காருவதுதான் வேலை. நாலு நாளில் சங்கதி புரிந்தது. மத்தியானம் கொஞ்சம் வெயில் வந்ததும் கூரைமேல் கிடக்கும் பனி உருகி, குழாய் வழியாக இறங்கி நேரே பாதையில் கொட்டுகிறது. நடுவில் ஒரு பள்ளம், அதில் தேங்குகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இருட்டியதும் இறுகிவிடுகிறது. போதாக்குறைக்கு, தள்ளிய பனியையெல்லாம் மேட்டுப் பக்கமே குவித்து வைத்திருந்தார்கள். அதுவும் உருகிக் குறுக்கே ஓடி வருகிறது.

சொன்னேன். "அத்தை, இந்த ஊர்க் குளிரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது" என்றார் மாப்பிள்ளை, மரியாதையாகத்தான். குளிர் தெரியாது, சரி. தண்ணி தெரியாதா? நாற்பது வருஷமா வாசல் தெளிக்கிறவளுக்கு எந்தப் பக்கம் வாட்டம், எங்கே தேங்கும்னு ஒரு வாளித் தண்ணியில தெரிஞ்சிடும். மொட்டை மாடியில் வாட்டம் சரியில்லாமல் சுவர் ஊறினாலும் முதலில் கண்டுபிடிப்பது நாம்தானே? கொத்தனாரோடு பேசும்போது மட்டும் நம்மை உள்ளே போகச் சொல்லிவிடுவார்கள்.

பாதைக்கு அடியில் சூடேற்றும் கம்பி பதிக்கலாம் என்று ஒரு கான்ட்ராக்டர் வந்து பெரிய தொகை சொன்னார். அதற்குப் பிறகுதான் என் பேச்சு எடுபட்டது! கூரைத் தண்ணீரைச் சாக்கடையில் விட அந்த நகராட்சி பொதுவாக அனுமதிப்பதில்லை. தரையில்தான் விழவேண்டும். அதனால் குழாயை நீட்டி, சுவரை விட்டுத் தள்ளிப் புல்தரைப் பக்கம் திருப்பினார்கள். பனியைத் தாழ்வான பக்கம் குவித்தார்கள். தார் வேலை குளிரில் நடக்காது என்பதால் பள்ளத்தை மட்டும் மே மாதம் நிரவி, அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வைத்தார்கள். கம்பிக்குச் சொன்ன தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை.

பிள்ளைகள் குளிர் நாட்டில் இருக்கும் தோழியரே, அக்டோபரிலேயே போன் பண்ணி, வாசல் பாதையில் ரெண்டு வாளி தண்ணி ஊத்திப் பார்க்கச் சொல்லுங்க. எங்கே நிற்குதோ அங்கேதான் ஐஸ் பிடிக்கும். சிரிப்பாங்க, பரவாயில்லை.

போன குளிரில் ஒரு மூட்டை உப்பே பாதிக்கு மேல் மிச்சமாம். சம்பந்தியம்மாவால்தான் இன்னமும் தோசைத் திருப்பியை அழுத்திப் பிடிக்க முடியவில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.