புள்ளிகளுக்கும் ஒரு கணக்குக் கொப்பி



வீட்டுச் செலவு பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பல, கடை அட்டைகளைப் பற்றியே பேசியிருந்தன. பணப்பை மூட முடியாத அளவுக்கு அட்டை, கைத்தொலைபேசியில் கடைக்கு ஒரு செயலி, ஆனால் எதில் எவ்வளவு கிடக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஸ்காபரோ வாசகி ஒருவர் மட்டும் கடிதத்தோடு தன்னுடைய எக்செல் தாளையும் அனுப்பியிருந்தார். முதியோர் இல்லம் ஒன்றில் இரவு வேலை பார்ப்பவர். கணினிப் படிப்பு எதுவும் படித்தவரல்ல. தானே கட்டம் போட்டு, கிழமைக்கொரு முறை தானே நிரப்பி வருகிறார். அதைப் பார்த்ததும் இந்த மாதம் இதைத்தான் எழுதவேண்டும் என்று தோன்றியது.

கனடாவுக்கு வந்த புதிதில் நம்மில் பலர் கையில் எடுத்துப் பார்த்த முதற் புள்ளி, கடதாசிக் காசுதான். கனடியன் டயர் நிறுவனம் 1958 இல் தன் பெற்றோல் நிலையங்களில் கொடுக்கத் தொடங்கிய சின்ன நோட்டு அது. ஸ்கொட்லாந்துத் தொப்பி போட்ட சாண்டி மக்டயரின் முகத்தோடு, வங்கி நோட்டுப் போலவே அச்சிட்டிருப்பார்கள். லாச்சிக்குள் போட்டு வைத்தால் ஒரு நாள் எடுத்து எண்ணலாம். பத்துச் சதம், ஐந்து சதம் என்று பெறுமதி அதிலேயே எழுதியிருக்கும். சின்னப் பிள்ளையும் கூட்டிச் சொல்லிவிடும். இன்றைய புள்ளிகளில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு கடையும் தனக்கென்று ஒரு நாணயம் வைத்திருக்கிறது. பிசி ஒப்டிமத்தில் 10,000 புள்ளி என்றால் 10 டொலர். சீன் பிளஸ்ஸில் அதே 10 டொலருக்கு 1,000 புள்ளி. எயர் மைல்ஸில் நெடுங்காலமாக 95 மைலுக்கு 10 டொலர். ஆக ஒரு வீட்டில் 8,000 ஒப்டிமம் புள்ளியும் 900 சீன் பிளஸ் புள்ளியும் இருந்தால், எண்ணிக்கையில் பெரியதாகத் தெரிவது 8 டொலர், சிறியதாகத் தெரிவது 9 டொலர். கடை வாசலில் நின்று மனக்கணக்காக இதைப் போட்டுப் பார்க்க யாருக்கு நேரம்?

வாசகியின் தாள் செய்கிற முதல் வேலை இதுதான். எல்லாப் புள்ளியையும் டொலராக்கி ஒரே நிரலில் காட்டுகிறது. திட்டத்தின் பெயர், கையிலுள்ள புள்ளி, ஒரு புள்ளியின் பெறுமதி, டொலர்க் கணக்கு, கடைசியாக அட்டையைப் பாவித்த திகதி: இவ்வளவுதான் முதற் பக்கம். ஒரு புள்ளியின் பெறுமதியை ஒரேயொரு கட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார். கடை நாளைக்கு அதைக் குறைத்தால் அந்த ஒரு எண்ணை மாற்றினால் போதும், மிச்சமெல்லாம் தானாகத் திருந்தும். 1979 இல் டான் பிரிக்லினும் பொப் ஃபிராங்ஸ்டனும் விசிகல்க் என்ற, தனிக் கணினிகளுக்கான முதல் மின்கணக்குத் தாளை ஆப்பிள் 2 கணினிக்கு வெளியிட்டபோது வியாபாரிகளை வியக்க வைத்தது இந்த வசதிதான். அதற்கு முன்பு ஓர் எண் மாறினால் கணக்காளர் பக்கம் முழுவதையும் அழிறப்பரால் அழித்துத் திரும்ப எழுதவேண்டியிருந்தது. அன்று கணினியோடு காசு கொடுத்து வாங்கியதை இன்று கைத்தொலைபேசியிலேயே இலவசமாகப் பாவிக்கலாம்.

திகதி நிரல் எதற்கு என்று கேட்கலாம். 2016 ஆம் ஆண்டு நினைவிருக்கிறவர்கள் கேட்கமாட்டார்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட மைல்கள் 2016 டிசம்பர் 31 முதல் காலாவதியாகும் என்று எயர் மைல்ஸ் 2011 கடைசியிலேயே அறிவித்திருந்தது. அறிவிப்பு வந்தபோது அதைக் கவனித்தவர்கள் கொஞ்சப்பேர்தான். கடைசி ஆண்டில் நாடு முழுவதும் ஒரே பதற்றம். ஊருக்குப் போகும் விமானச் சீட்டுக்கென்று சேர்த்து வைத்ததைக் கொடுத்துத் தேவையில்லாத மின்சாதனங்களை எடுத்தவர்கள் நம் சமூகத்திலும் இருந்தார்கள். பிறகு அந்த டிசம்பர் 1 ஆம் திகதி, காலாவதித் திட்டத்தையே கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. அவசரப்பட்டுச் செலவழித்தவர்களுக்கு அதனால் பயனில்லை. ஒன்ராறியோ சட்டசபை அதே மாதம் புள்ளிப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. காலம் போய்விட்டது என்ற ஒரே காரணத்தைக் காட்டிப் புள்ளிகளை அழிக்கக்கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆனால் நீண்ட காலம் அட்டையைத் தொடாமல் விட்டால் கணக்கையே மூடிவிடும் விதி பல திட்டங்களில் இருக்கிறது. புள்ளியின் பெறுமதியைக் கடை குறைத்தாலும் சட்டம் தடுக்காது. அதனால்தான் சேர்த்து வைப்பதைவிட அவ்வப்போது எடுத்துச் செலவழிப்பதையே நான் ஆதரிக்கிறேன். புள்ளிக்கு வட்டி கிடையாது. பத்து ஆண்டு காத்திருந்தாலும் 10,000 புள்ளி 10 டொலருக்கு மேல் போகாது, அந்த 10 டொலருக்கு வாங்கக்கூடிய பால்தான் குறைந்துகொண்டு போகும்.

இரண்டாவது பக்கத்தில்தான் அந்தப் பெண்ணின் கூர்மை தெரிகிறது. "சேமிப்பு" என்று தலைப்பிட்டு, அதற்குள் "வாங்க நினைத்ததா?" என்று ஒரு நிரல். ஆம், இல்லை என்று மட்டும் எழுதுகிறார். பற்றுச்சீட்டின் அடியில் நீங்கள் இன்று இவ்வளவு சேமித்தீர்கள் என்று கடை அச்சிட்டுத் தருகிறதே, அந்தத் தொகையை அவர் அப்படியே ஏற்பதில்லை. பட்டியலில் இல்லாத பொருளை மலிவு என்று வாங்கியிருந்தால் அதன் தள்ளுபடி அவர் கணக்கில் சேமிப்பாகாது, அது செலவு. அந்த ஒரு நிரலுக்காகவே இந்தத் தாளை ஒவ்வொரு வீட்டுக்கும் சிபாரிசு செய்வேன்.

ஷொப்பர்ஸ் ட்ரக் மார்ட்டின் "20 மடங்கு புள்ளி" நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் ஒரு டொலருக்கு 15 பிசி ஒப்டிமம் புள்ளி, அதாவது நூற்றுக்கு ஒன்றரை. 20 மடங்கு நாளில் ஒரு டொலருக்கு 300 புள்ளி, அதாவது நூற்றுக்கு 30. குறித்த தொகைக்கு மேல் வாங்கவேண்டும் என்பது நிபந்தனை. 75 டொலருக்கு வாங்கினால் 22,500 புள்ளி, 22 டொலர் 50 சதம். கேட்கவே இனிக்கிறது. அந்தச் சாமான்கள் உண்மையில் 52 டொலர் 50 சதத்துக்கு வந்த மாதிரி. இப்போது இன்னொரு கேள்வி: அதே சவர்க்காரமும் பற்பசையும் குழந்தை அணையாடையும் வேறு கடையில் என்ன விலை? 65 டொலர் என்றால் நமக்கு இலாபம். 50 டொலர் என்றால் இத்தனை புள்ளி வாங்கியும் நட்டம்தான். தொகையை எட்டுவதற்காகக் கூடையில் கடைசியாக எறிந்த சொக்கிளேற்றையும் சேர்த்துப் பாருங்கள். வாசகியின் தாள் இந்தக் கழித்தலைத் தானாகச் செய்கிறது. சில நாட்கள் போகச் சொல்கிறது, சில நாட்கள் வீட்டில் இருக்கச் சொல்கிறது. 20 மடங்கு நாட்களை வெறுமனே கண்டிக்க நான் விரும்பவில்லை. வேலை இரண்டு பார்த்துப் பிள்ளைகளை வளர்க்கும் வீட்டுக்கு நூற்றுக்கு 30 பெரிய காசு. அது உண்மையான 30 தானா என்று தெரிந்துகொண்டு போகவேண்டும், அவ்வளவே.

இதற்கு வேண்டியது பழைய விலைகள். தாளின் மூன்றாம் பக்கம் அதற்கு. ஆரம்பத்தில் புள்ளிக்காகத் தொடங்கியவர், இப்போது இந்தப் பக்கத்தைத்தான் அதிகம் திறந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறார். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. மைசூர்ப் பருப்பு, சிவப்பரிசி, தேங்காய்ப்பால் ரின், செத்தல் மிளகாய், கோழி, பால், முட்டை என்று வீட்டில் ஓயாமல் வாங்கும் இருபது முப்பது சாமானுக்கு மட்டும் கடை, திகதி, நிறை, விலை எழுதி, ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்து வைக்கிறார். அலகு விலையை விலைச்சீட்டில் காட்டவேண்டும் என்று கனடாவில் சட்டம் போட்டிருக்கும் ஒரே மாகாணம் கியூபெக். ஒன்ராறியோவில் சில கடைகள் தாமாகக் காட்டுகின்றன, அதையும் கண்ணாடி போட்டுத்தான் வாசிக்கவேண்டும். சில கடைகள் ஒரு பொருளுக்கு 100 கிராமுக்கும் பக்கத்துப் பொருளுக்கு ஒரு இறாத்தலுக்கும் விலை போடுகின்றன. பைக்கற்றின் நிறை சத்தமில்லாமல் குறைவது தனிக் கதை. 900 கிராமாக இருந்தது 750 ஆகும், விலை அப்படியே நிற்கும். கிலோ விலை எழுதி வைத்திருப்பவருக்கு அது அன்றைக்கே பிடிபட்டுவிடும்.

கியூபெக்கைப் போல ஒன்ராறியோவும் அலகு விலையைச் சட்டமாக்கவேண்டும். நம் தொகுதிகளில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். கோவில் திருவிழாவில் வேட்டி கட்டி நின்று படமெடுப்பவர்களிடம் கேட்பதற்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி எனக்குத் தெரியவில்லை.

நம் தமிழ்க் கடைகளில் பெரும்பாலும் புள்ளி அட்டை இல்லை. வருடக் கடைசியில் சாமிப் படம் போட்ட கலண்டர் தருவார்கள், தெரிந்த முகம் என்றால் கறிவேப்பிலையைக் கணக்கில் போடமாட்டார்கள். தாளைப் பார்த்தால் சீரகம், மல்லி, மிளகு, பருப்பு வகைகளில் அந்தக் கடைகள் பெரிய கடைகளின் புள்ளியோடு கூடிய விலையைப் பலமுறை வென்றிருக்கின்றன. பாலிலும் முட்டையிலும் தோற்றிருக்கின்றன. இது ஒரு வீட்டின், ஒரு வட்டாரத்தின் கணக்கு. மார்க்கமிலோ பிரம்டனிலோ வேறு மாதிரி வரலாம். உங்கள் தாள்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும்.

வாங்கியதற்கேற்பத் திரும்பக் கொடுப்பது நம் மக்களுக்குப் புதிய எண்ணமில்லை. 1844 இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்து நெசவாளர்களும் தொழிலாளர்களுமாக 28 பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். வருகிற இலாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த வீதப்படி உறுப்பினர்களுக்கே பிரித்துக் கொடுப்பது அவர்களின் விதி. அந்த வழியில் வந்ததுதான் நாம் ஊரில் கண்ட கூட்டுறவு இயக்கம். 1957 க்குப் பிறகு இலங்கையில் ஊர்தோறும் எழுந்த பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கடைகளில் கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். சங்கக்கடையில் குறை நிறை ஆயிரம் இருந்திருக்கலாம், கணக்குப் புத்தகம் உறுப்பினர்களுடையது. பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கலாம். இன்றைய அட்டையில் புத்தகம் முழுவதும் கடையின் பக்கம் இருக்கிறது. 1995 இல் பிரித்தானியாவின் டெஸ்கோ தன் கிளப்கார்டைக் கொண்டு வந்த நாளிலிருந்து, எந்த வீடு எப்போது என்ன வாங்குகிறது என்ற விபரமே பெரும் சொத்து என்று உலகமெங்கும் கடைகள் புரிந்துகொண்டன. ரிம் ஹோர்ட்டன்ஸ் செயலி, வாடிக்கையாளர் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்து பதிவு செய்தது சட்ட மீறல் என்று 2022 இல் கனடாவின் தனியுரிமை ஆணையாளர்கள் கண்டறிந்ததையும் மறக்கவேண்டாம். ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி என்ன விபரம் வைத்திருக்கிறது என்று எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமை கனடியச் சட்டத்தில் உங்களுக்கு உண்டு. அவர்களிடம் நம்மைப் பற்றி ஒரு தாள் இருக்கும்போது, நம்மிடமும் ஒன்று இருப்பதுதானே முறை?

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். முதல் நாளே பெரிதாகப் போடாதீர்கள். திட்டங்களின் பக்கம் ஒன்றோடு தொடங்கினால் போதும். விலைப் பக்கத்துக்கு அடுத்த மாதம் வாருங்கள். கடவுச்சொல்லை ஒருபோதும் அந்தத் தாளில் எழுதாதீர்கள். புள்ளிக் கணக்குகளுக்குள் புகுந்து திருடுவது இங்கே பலமுறை செய்தியாகியிருக்கிறது. கிழமைக்கொருமுறை எண்ணைப் பதிகிறவர் திருட்டை அந்தக் கிழமையே கண்டுபிடிப்பார். ஒரே வீட்டார் தங்கள் அட்டைகளை ஒரே கணக்கில் சேர்க்கச் சில திட்டங்கள் இடம் தருகின்றன, பிசி ஒப்டிமமும் அதில் ஒன்று. அப்பா அட்டையில் 4,000, மகள் அட்டையில் 6,000 என்று சிதறிக் கிடப்பது சேர்ந்தவுடன் 10 டொலராகும். அம்மம்மா, தாத்தாவின் அட்டைகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வயதானவர்கள் கடையில் நீட்டச் சொன்னபடி நீட்டுவார்கள், எவ்வளவு சேர்ந்தது என்று யாரும் சொல்வதில்லை. அது அவர்களுடைய காசு. அவர்களுக்கு வேண்டியதை அதில் வாங்கிக் கொடுங்கள்.

கணினி இல்லாதவர்கள் அருகிலுள்ள பொது நூலகத்துக்குப் போகலாம். ரொறன்ரோ நூலகக் கிளைகளில் கணினி இலவசம், அடிப்படைக் கணினி வகுப்புகளும் நடக்கின்றன. அதுவும் முடியாதென்றால் சாதாரண கொப்பியில் கோடு கீறி எழுதினாலும் இதே வேலையைச் செய்யும். பெருக்கல் பிரித்தலைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

வாசகியின் அனுமதியோடு, அவருடைய தாளின் வெற்று வடிவத்தை அடுத்த இதழின் நடுப்பக்கத்தில் தமிழில் அச்சிடுகிறோம். நீங்களும் உங்கள் வீட்டுக் கணக்கையோ, உங்கள் வட்டாரக் கடைகளின் பருப்பு, அரிசி விலைகளையோ எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். ஊரையும் கடையையும் திகதியையும் குறிப்பிடுங்கள். அட்டை இலக்கங்களை மட்டும் அழித்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்