கறுப்பு மாதரும் கற்சிலையும்

ஒரு கூட்டத்தாரை அடக்கி வைக்க வேண்டுமானால் சட்டமும் சவுக்கும் மாத்திரம் போதாது. அவர்களைப்பற்றி ஒரு பொய்ச் சித்திரமும் எழுதி, நாலு பேர் பார்க்கும்படி தொங்கவிட வேண்டும். பிறகு சவுக்கை அடிக்கடி எடுக்க வேண்டியதில்லை. அந்தச் சித்திரமே வேலையைப் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் கறுப்பு மாதர்களுக்கு இதுதான் நேர்ந்தது. அந்தச் சித்திரத்தை அவர்கள் எப்படித் தங்கள் கையாலேயே கிழித்தெறிந்தார்கள் என்பதை வாசகர்கள் அவசியம் அறிய வேண்டுமென்று விரும்புகின்றோம்.

அடிமை முறை இருந்த காலத்தில், நோவா என்பவர் இட்ட சாபத்தால் கறுப்பர் அடிமைகளாயினர் என்று தென்னாட்டுப் பாதிரிகள் பலர் வேதத்தைக் காட்டிப் பிரசங்கம் செய்தார்கள். 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. சாபக்கதை அதற்குமேல் முன்போல் செலாவணியாகவில்லை. ஆகவே வேறொரு கதை வேண்டியிருந்தது. அதுதான் “மாம்மி” என்னும் கதை. பருத்த உடலும், தலையில் முண்டாசும், வாயெல்லாம் சிரிப்புமாக ஒரு கறுப்புத் தாதி. அவள் தன் பிள்ளை அழுதாலும் எஜமானன் பிள்ளையையே தாலாட்டுவாளாம், கூலி கேட்கமாட்டாளாம், விடுதலையும் கேட்கமாட்டாளாம். 1889-ல் ஒரு பலகார மாவு வியாபாரத்துக்கு இந்த உருவமே அடையாளமாயிற்று. 1893-ல் சிக்காகோ கண்காட்சியில், அடிமையாய்ப் பிறந்த நான்சி கிரீன் என்னும் மாதை அந்த வேஷத்தில் நிறுத்திப் பலகாரம் சுட வைத்து மாவு விற்றார்கள்.

“இதென்ன, ஒரு படந்தானே!” என்று சிலர் கேட்கலாம். அந்தப் படம் சட்டசபைக்குள் நுழைந்த கதையைக் கேளுங்கள்.

அந்நாட்களில் கறுப்பர்களைக் கும்பல் கூடிப் பிடித்து, விசாரணையின்றி மரத்தில் தூக்கிக் கொல்லும் வழக்கம் இருந்தது. அதைத் தடுக்க ஒரு மசோதா 1922 ஜனவரியில் கீழ்ச்சபையில் நிறைவேறிற்று. மேல்சபையிலோ தென்னாட்டு அங்கத்தினர்கள் ஓயாமல் தடை செய்து, அவ்வருஷம் டிசம்பரில் அதைக் கைவிடும்படி செய்துவிட்டார்கள். பின்னர் மூன்று மாதங்கூட ஆகவில்லை. 1923 பிப்ரவரியில் அதே மேல்சபை, “விசுவாசமுள்ள மாம்மிக்கு” தலைநகராகிய வாஷிங்டனில் சிலை வைக்கலாம் என்று ஒரு மசோதாவை நிறைவேற்றிற்று! அடிமை முறைக்காகப் போர் புரிந்த தென்னாட்டுப் படையினரின் சந்ததியார் என்று சொல்லிக்கொள்ளும் வெள்ளை மாதர் சங்கம் கேட்டதற்காக இந்தச் சலுகை. உயிரோடிருக்கும் கறுப்பர்களின் கழுத்தைக் கயிற்றிலிருந்து காப்பாற்ற அந்தச் சபைக்கு மனம் வரவில்லை. அடிமைத்தனத்தைக் கல்லில் வடித்துக் கும்பிட மாத்திரம் மனம் வந்தது. இதன் பெயர் நன்றியா என்று கேட்கின்றோம்.

கறுப்பு மாதர்கள் வாளாவிருக்கவில்லை. 1896-ல் ஏற்பட்ட அவர்களுடைய தேசிய சங்கமும், அதன் முதல் தலைவராயிருந்த மேரி சர்ச் டெரல் அம்மையாரும், கறுப்பர் பத்திரிகைகளும் கடுமையாகக் கண்டித்தன. மசோதா கீழ்ச்சபையில் செத்தது, சிலை எழும்பவில்லை. அதே 1923-ல்தான், மாம்மி வேஷம் போட்ட நான்சி கிரீன் சிக்காகோவில் மோட்டார் மோதி இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர் பொறித்த ஒரு கல் வைக்க 2020 வரையில் ஒருவருமில்லை. கற்பனை மாம்மிக்குத் தலைநகரில் இடம். உண்மையான மாதுக்குப் புதைத்த இடத்தில் அடையாளமுமில்லை!

இனி, உண்மையான கறுப்பு மாதர்களின் யோக்கியதையைப் பாருங்கள். ஐடா வெல்ஸ் அம்மையார் 1862-ல் அடிமையாய்ப் பிறந்தவர். 1892-ல் மெம்பிஸ் நகரில் மளிகைக்கடை வைத்திருந்த அவருடைய சிநேகிதர் மூவரைக் கும்பல் கொன்றது. “பெண்களைக் கெடுத்தார்கள், அதனால் கொன்றோம்” என்று ஊர் ஊராகச் சொல்லப்பட்ட சமாதானத்தை அவர் ஒவ்வொன்றாக விசாரித்து, பெரும்பாலும் புளுகு என்று எழுதினார். அவருடைய பத்திரிகை ஆபீசை உடைத்தார்கள். அவர் அஞ்சவில்லை. வெள்ளையர் பத்திரிகையில் வந்த கணக்கையே எடுத்து 1895-ல் புத்தகமாக்கி, உலகத்தின் முன் வைத்தார்.

டெரல் அம்மையாருக்கு 1950-ல் வயது 86. அந்த வயதில் வாஷிங்டன் ஓட்டல் ஒன்றில் சாப்பாடு மறுக்கப்பட்டதும், பழைய சட்டங்களைத் தோண்டியெடுத்து வழக்காடி, 1953-ல் சுப்ரீம் கோர்ட்டில் வென்றார். மேரி மெக்லியட் பெத்யூன் அம்மையார் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த 17 மக்களில் 15-வது பிள்ளை. 1904-ல் ஒன்றரை டாலரை வைத்துக்கொண்டு, ஐந்து சிறுமிகளோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்று அது ஒரு சர்வகலாசாலை.

1974-ல் இந்தப் பெத்யூன் அம்மையாருக்கு வாஷிங்டன் பூங்காவில் சிலை வைக்கப்பட்டது. 2022-ல் அமெரிக்கச் சட்டசபைக் கட்டடத்தில், புளோரிடா மாகாணத்தின் சார்பில் நின்ற அடிமைப்படைத் தளபதியின் சிலை இருந்த ஸ்தானத்தில் அவருடைய பளிங்குச் சிலை வைக்கப்பட்டது. அதே வருஷத்தில் கெடாஞ்சி பிரௌன் ஜாக்சன் சுப்ரீம் கோர்ட்டின் முதல் கறுப்பு மாது நீதிபதியானார். கும்பல் கொலைக்கெதிரான தேசியச் சட்டமும் அவ்வருஷத்தில்தான் நிறைவேறிற்று. அதாவது, 1922-ல் கொன்ற மசோதாவின் நோக்கம் நிறைவேற சரியாக 100 வருஷம்!

இந்த 100 வருஷத்தையும் மறந்துவிட்டு, “பார்த்தீர்களா, எவ்வளவு பெருந்தன்மை” என்று கொடுத்தவர்களைப் புகழ்வது அறிவீனமாகும். எவரும் எதையும் கொடுத்துவிடவில்லை. ஒவ்வொன்றும் கணக்கெழுதியும், வழக்காடியும், பள்ளி நடத்தியும் வாங்கப்பட்டது. சிலை வேண்டாமென்று அன்று அந்த மாதர்கள் சொல்லியிராவிட்டால், சிரித்துக் கொண்டிருக்கும் கல் அடிமையொருத்தி இன்றும் வாஷிங்டனில் நின்று, “எங்களுக்கு ஒரு குறையுமில்லை” என்று அவர்கள் பேத்திகளின் சார்பில் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பாள். ஆகவே, ஒருவரைப் புகழ்ந்து சிலை வைக்கிறார்கள் என்றால், அந்தச் சிலை யாருக்காகப் பேசுகிறது என்பதை முதலில் விசாரித்துவிட்டு, பிறகு மாலை போடுங்கள்.