தேய்ந்ததைத் தூக்கி எறியலாமா?

சென்ற ஆண்டு எங்கள் இயற்பியல் வகுப்பில் பெர்னூலியின் தேற்றம் நடத்தப்பட்டது. குறுகிய வழியில் காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது என்று விளக்கிய பேராசிரியர், அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லும்படி கேட்டார். விமானத்தின் இறக்கை என்றான் ஒருவன். வாசனைத் தெளிப்பான் என்றாள் ஒருத்தி. எனக்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தெரியும். பத்து வயதிலிருந்து கண்ணால் பார்த்து, கையால் துடைத்து, மூக்கால் முகர்ந்து அறிந்த எடுத்துக்காட்டு அது. ஆனால் நான் வாய் திறக்கவில்லை. "கார்பரேட்டர்" என்று சொன்னால் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வரும். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் "சுயதொழில்" என்று எழுதியவன். என் தந்தை கொரட்டூரில் ஒரு தகரக் கொட்டகையில் கார்பரேட்டர் பழுது பார்ப்பவர்.

அன்று நான் காத்த மௌனம் தவறு என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். ஆசிரியப் பெருமக்களும் தோழர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டும்.

இவ்வாண்டு கோடை விடுமுறையில் ஒரு பெரியவர் எங்கள் கொட்டகைக்கு வந்தார். செய்தித்தாளில் சுற்றிய இரண்டு கார்பரேட்டர்களைக் கைக்குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவரிடம் எம்.ஜி. டி.சி. என்னும் பந்தயக் கார் இருக்கிறதாம். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இரண்டு இருக்கை வண்டி, 1250 சி.சி. எஞ்சின், அதற்கு இரண்டு எஸ்.யு. கார்பரேட்டர்கள். "ஸ்லோவில் நிற்க மாட்டேன் என்கிறது, கறுப்புப் புகை விடுகிறது, பெட்ரோலைக் குடிக்கிறது. எல்லோரும் புதிதாக வரவழைத்து மாட்டிவிடு என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. ஒரு கார்பரேட்டரை எடுத்து, அதன் குறுக்கே போகும் ஸ்பிண்டிலை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். 'டக் டக்' என்று சத்தம் வந்தது. "இதுதாங்க நோய்" என்றார்.

இந்த எஸ்.யு. கார்பரேட்டரின் கதை சுவையானது. இலண்டனில் ஸ்கின்னர் குடும்பத்தினர் செருப்பு வணிகம் செய்தவர்கள். அக்குடும்பத்து மகனான ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் புதுவகைக் கார்பரேட்டர் ஒன்றை அமைத்தபோது, உள்ளே ஏறி இறங்கும் உறுப்புக்கு முதலில் தோல் துருத்தியைத்தான் பயன்படுத்தினார். செருப்புக் கடைக்காரருக்குத் தோல்தானே கைக்கு எட்டும்! 1910இல் நிறுவனமாக வளர்ந்தது; தோல் துருத்தி போய் உலோகப் பிஸ்டன் வந்தது. எஞ்சின் அதிகக் காற்றை இழுத்தால் பிஸ்டன் மேலே எழும். அதனோடு கூர்மையான ஊசியும் எழும். ஊசி எழ எழ ஜெட்டின் துளையில் வழி அகன்று பெட்ரோல் கூடுதலாக வரும். பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அந்தக் கணக்கை மின்சாரமும் இல்லாமல் மூளையும் இல்லாமல் ஒரு ஊசியும் பிஸ்டனும் போட்டுக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு நீங்கவில்லை.

இனி நோய்க்கு வருவோம். ஆண்டுக்கணக்கில் திரும்பித் திரும்பி ஸ்பிண்டிலும் தேய்கிறது, அது நிற்கும் துளையும் முட்டை வடிவாகிவிடுகிறது. அந்த மயிரிழை இடைவெளியில் கணக்கில் வராத காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது இழுக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம். அதில் இந்தத் திருட்டுக் காற்று பெரும் பங்காகிவிடுகிறது. கலவை மெலிந்து எஞ்சின் தடுமாறுகிறது. தெரியாத மெக்கானிக் என்ன செய்வார்? ஜெட்டைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டிவிடுவார். அப்போது ஸ்லோ நிற்கும், வண்டிக்காரர் மகிழ்ந்து போவார். ஆனால் வண்டி வேகமெடுக்கும்போது திருட்டுக் காற்றின் பங்கு சிறுத்துவிடுகிறது. கூட்டி வைத்த பெட்ரோல் மட்டும் அப்படியே இருக்கிறது. கறுப்புப் புகை அதனால்தான். நோய் காலில், கட்டு தலையில். புதிய ஊசியும் ஜெட்டும் வாங்கிப் போட்டாலும் துளை துளையாகவே இருக்கும்.

அப்பா வைத்தியம் செய்த விதத்தைச் சொல்கிறேன். முதலில் வண்டியிருக்கும் இடத்துக்கே போய், அந்தக் கார்பரேட்டர்களைத் திரும்ப மாட்டி எஞ்சினை ஓடவிட்டு, ஸ்பிண்டிலின் முனையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். இடைவெளியை எண்ணெய் அடைத்த சில நொடிகள் எஞ்சினின் சத்தம் மாறியது. சந்தேகம் தீர்ந்தது. நம் ஆய்வகத்தில் நாம் செய்யும் பரிசோதனைகளில் இவ்வளவு சிக்கனமானது ஒன்று உண்டா?

பிறகு கழற்றிக் கொண்டுவந்து பிரித்தார். உள்ளே வட்டத் தகட்டைப் பிடித்திருக்கும் இரண்டு குட்டித் திருகுகளின் முனைகள் பிளந்து விரிக்கப்பட்டிருக்கும். கழன்றால் எஞ்சினுக்குள் போய்விடும் என்பதால் அந்த ஏற்பாடு. தகட்டை எடுக்குமுன் எந்தப் பக்கம் மேலே என்று கீறிக் குறித்துக்கொண்டார். தேய்ந்த துளையை ரீமரால் பெரிதாக்கி, வெண்கலப் புஷ் இறக்கி, புதிய ஸ்பிண்டிலுக்கு ஏற்றபடி இரு பக்கத் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் ஒரே நீள ரீமரால் மெருகேற்ற வேண்டும். கோடு சற்றே பிசகினாலும் ஸ்பிண்டில் இறுகும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் தகடு மூடாது, வண்டி நிற்காது. மயிரிழையில் ஓர் உயிர் இருக்கிறது. ஜெட்டின் அடியில் தக்கையாலான வளையங்கள் காய்ந்து சுருங்கியிருந்தன. புதியவற்றை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டார். கடைசியில் இரண்டு கார்பரேட்டர்களையும் வண்டியில் ஏற்றி, ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக 'உஸ்' என்ற காற்றோசையைக் கேட்டு இரண்டையும் சமமாக்கினார். இரட்டை நாயனக்காரர்கள் கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பது போலத்தான் எனக்குத் தோன்றியது.

இந்த வித்தை அவருக்கு எளிதில் வரவில்லை. பதின்மூன்று வயதில் ஒரு மேஸ்திரியிடம் எடுபிடியாகச் சேர்ந்தவர் அவர். அந்த மேஸ்திரி, செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரம் விமானத் தளத்தில் கார்ப் பந்தயங்கள் நடந்த காலத்தில் ஹெரால்டு கார்களுக்கு டியூனிங் செய்தவர். (1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் வந்தது, இன்றைய தோழர்களுக்கு அதுதான் தெரியும்.) சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் செய்துவந்த அந்தச் சாதுவான ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தயக் காரையே கட்டினார்கள். ஒருநாள் மேஸ்திரி இல்லாத நேரத்தில் என் தந்தை ஒரு எஸ்.யு. பிஸ்டனை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டாராம். பிஸ்டனும் அதன் மேல்மூடியும் ஒன்றுக்கொன்று அளவாகச் செய்யப்பட்ட இணை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைக்கலாமே தவிர, தேய்க்கவோ வேறொன்றோடு மாற்றவோ கூடாது. மேஸ்திரி அடிக்கவில்லை. அந்தப் பிஸ்டனைக் கம்பியில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டார். அவர் காலத்துக்குப் பின் அது எங்கள் கொட்டகைச் சுவருக்கு வந்து சேர்ந்து இன்றும் தொங்குகிறது.

இப்போது சிலர் கேட்பார்கள்: பணக்காரரின் விளையாட்டுப் பொம்மைக்கு ஏன் இத்தனை பாராட்டு? நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது எம்.ஜி. காரால் அன்று, பழைய புல்லட்டாலும், 1985 முதல் 1996 வரை வந்த ஆர்.எக்ஸ். 100ஆலும்தான். கழனியில் மருந்தடிக்கும், களை வெட்டும் சிறு பெட்ரோல் எஞ்சின்களில் இன்றும் கார்பரேட்டர்தான் இருக்கிறது. பொம்மையில் கற்ற வித்தை உழவனின் எஞ்சினுக்கும் பயன்படுகிறது.

புகையைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதி வந்தபின் புதிய இருசக்கர வண்டிகளில் கார்பரேட்டர் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. நல்லதுதான், அம்பத்தூர்ச் சாலையில் மாலை வேளையில் மூச்சு விட்டவன் நான், அதை எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டி, தேய்ந்த துளையோடு ஓடுவது நல்லதா, சரிசெய்து ஓடுவது நல்லதா? ஐம்பது ஆண்டு கடந்து மூல வடிவில் காக்கப்படும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு என்று 2021இல் மத்திய அரசு விதி செய்தது. மூல வடிவைக் காப்பாற்று என்று சட்டம் சொல்கிறது. காப்பாற்றத் தெரிந்த கை யாரிடம் இருக்கிறது, அது எத்தனை நாளைக்கு இருக்கும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். சென்னையில் கார்பரேட்டர்ஸ் லிமிடெட் என்ற நிறுவனம் இருந்தது. 1985இல் அது ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து யூகால் நிறுவனத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் ஓடிய வண்டிகளுக்கு மூச்சுக் கொடுத்தது நம் சென்னை. ஆனால் அந்த மூச்சைச் சரிபார்க்கும் அறிவு எந்தக் கல்லூரி நூலகத்திலும் தமிழில் எழுதி வைக்கப்பட்டதாக நான் காணவில்லை. அது என் தந்தையின் விரல் நுனியில் இருக்கிறது. அவர் எனக்குக் கற்றுத் தர மறுக்கிறார். "நீ படிச்சிட்டு ஆபீஸுக்குப் போ. உன் நகத்துல கிரீஸ் இருக்கக் கூடாது" என்கிறார். எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அவர் சொல்வதன் அருமை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆயினும் அவர் நினைப்பு தவறு என்று சொல்லத் துணிகிறேன். மகன் பட்டம் பெறுவதற்குத் தந்தையின் அறிவு சாக வேண்டும் என்று யார் விதித்தது? கரும்பலகையில் பெர்னூலியைப் படித்தவனுக்கு ரீமர் பிடிக்கத் தெரியாது. ரீமர் பிடித்தவருக்குப் பெர்னூலியின் பெயர் தெரியாது. இருவரும் ஒரே வீட்டில், ஒரே தட்டிலிருந்து சோறு உண்கிறார்கள்.

நம் இயற்பியல் துறைக்கு என் வேண்டுகோள் பெரிதன்று. ஆய்வகத்தில் ஒரு பழைய கார்பரேட்டரை வைக்க வேண்டும். நல்லதாக அன்று, தேய்ந்ததாக வைக்க வேண்டும்; மாணவர்கள் தேய்வை அளக்கட்டும், கலவை ஏன் கெட்டது என்று கணக்கிடட்டும். ஆண்டுக்கு ஒருநாள் ஒரு மெக்கானிக்கை அழைத்து வகுப்பெடுக்கச் சொல்ல வேண்டும். இது ஐ.டி.ஐ. வேலை, நமக்கெதற்கு என்று தோழர்கள் சிலர் சிரிக்கலாம். சிரிப்பவர்களிடம் நான் கேட்கிறேன்: தேர்வில் வெஞ்சுரிக் குழாயின் படம் வரைந்து மதிப்பெண் வாங்கினோமே, ஒரு வெஞ்சுரியையாவது கையில் பிடித்திருக்கிறோமா?

பெரியவரின் முதல் கார்பரேட்டரை அப்பா முடித்த அன்று, இரண்டாவதை நான் செய்கிறேன் என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு கழிவு கார்பரேட்டரை என் முன் போட்டு, "இதுல மொதல்ல பாரு" என்றார். முதல் முறை ஸ்பிண்டில் இறுகியது. இரண்டாம் முறை ஆடியது. நான்காவது புஷ்ஷில்தான் தானாக விழுந்து மூடியது. அதன் பிறகும் பெரியவருடையதை அவரே செய்தார்.

துறைத் தலைவரிடம் என் யோசனையைச் சொன்னேன். கொண்டு வா பார்க்கலாம் என்றிருக்கிறார். சுவரில் தொங்கும் அந்தப் பிஸ்டனை அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "காலேஜுல அத வெச்சு என்ன சொல்லுவ?" என்று கேட்டார். உப்புத்தாள் போட்ட கதையைச் சொல்வேன் என்றேன். யார் போட்டது என்று சொல்வாயா என்று கேட்டார். சொல்வேன் என்றேன். இன்னும் அவர் அதைக் கழற்றித் தரவில்லை.