சின்னம்மாவின் சுளகு

ஊரிலுள்ள பெரியோருக்கும், சனசமூக நிலையத்துப் பெடியளுக்கும், கோயில் வீதியில் என்னோடு விளையாடினவர்களுக்கும்,

ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். தேர்த் திருப்பணிக்கு எவ்வளவு தருவாய் என்று கேட்டிருந்தீர்கள். தருவேன். அதற்கு முதல் ஒரு கதை இருக்கிறது. போனில் சொல்ல வாய் வரவில்லை.

என் சின்னம்மாவை உங்களுக்குத் தெரியும். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்கு நடந்துபோய், அடுத்த வருடம் வீடு திரும்பினவ. திரும்பிய பிறகு மெல்ல மெல்ல அடங்கிப்போனா. காலையில் சுளகில் அரிசியைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருப்பா. மத்தியானம் போய்ப் பார்த்தாலும் அரிசி போட்டபடியே கிடக்கும், ஒரு கல்லுக்கூடப் பொறுக்கியிருக்கமாட்டா. கேட்டால், "நெஞ்சுக்குள்ள அடைக்குது மோனை, சாப்பாடு செல்லுதில்லை." ஊர் அதற்கு 'யோசினை' என்று பெயர் வைத்தது.

1998இல் நான் வெளிக்கிட்டேன். பிறகு வாய்வுக் குளிசை, ஈசிஜி, கொழும்பில் ஸ்கான், நூல் கட்டு, சந்நிதியில் அன்னதானம் என்று கேட்ட எல்லாவற்றுக்கும் காசு அனுப்பினேன். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கென்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அங்கே வைத்தியம் இலவசம். ஆனால் போகிற வழியில் தெரிந்த முகம் நிற்குமே! "விசர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவையாம்" என்ற ஒரு கதை போதும், வீட்டுப் பிள்ளையின் கலியாணம் குழம்பிப்போகும். சின்னம்மா பன்னிரண்டு வருடம் பின் அறையில் இருந்து, அப்படியே போய்ச் சேர்ந்தா.

2016 தை மாதம், பனி கொட்டின ஒரு விடியல். வேலைத்தலத்துக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு இறங்க ஏலாமல் இருந்தேன். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். சாப்பாட்டுப் பெட்டி மடியில் இருந்தது. அதைக் குனிந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது, நான் இருந்தது சின்னம்மா இருந்த இருப்பு.

குடும்ப வைத்தியர் ஒரு தாளை நீட்டினார். கடந்த இரண்டு கிழமையைப் பற்றி ஒன்பது கேள்விகள்: நித்திரை, பசி, களைப்பு, எதிலும் பற்றில்லாமை. ஒன்பதாவது, செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு வந்ததா என்பது. பேனை அதிலே கொஞ்சநேரம் நின்றது. உண்மையைத்தான் குறித்தேன். இரத்தம் எடுத்துத் தைரொயிட்டும் பார்த்தார். பிறகு மனச்சோர்வு என்று சொல்லிக் குளிசை எழுதினார். "கொஞ்சக் கிழமைக்கு ஒண்டும் தெரியாது. அதுக்காக நிப்பாட்டிப் போடாதேங்கோ" என்றார். முதலில் வயிற்றைப் பிரட்டினது மட்டுந்தான் மிச்சம். கிழமைக்கு ஒருநாள் உளவளத்துணையாளரிடம் போய்க் கதைத்தேன்.

ஐந்தாம் கிழமை ஒரு இரவு, "சம்பலுக்கு உப்புக் காணாது" என்றேன். மனிசி அகப்பையை வைத்துவிட்டு அழுதா. மாதக்கணக்காக நான் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லையாம்.

சுகம் வந்த பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் போட்டு, வைத்தியர் சொன்னபடி குறைத்துக் குறைத்துத்தான் விட்டேன். இந்தக் குளிசை ஆளை அடிமையாக்கும் என்பது வீண் பயம். ஆனால் நினைத்தவுடன் நிறுத்தக் கூடாது.

எங்கள் சனம் மனநோவை உடம்பால்தான் சொல்லும் என்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலேயே இருந்து வைத்தியம் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். நாரி உளைவு, தலையிடி, படபடப்பு. ஆம்பிளையளுக்கு அது தவறணைக்குப் போகிற வழியாகவும் இருக்கும். குடிகாரன் என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு யார் வைத்தியம் பார்ப்பார்கள்? தாய் எழும்பாத வீட்டில் பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிற பிள்ளையை யாரும் இந்த வருத்தத்தின் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த ஒன்பதாவது கேள்வி வீண் கேள்வி இல்லை. 1995 அளவில் இலங்கையில் லட்சத்துக்கு 47 பேர் தங்கள் உயிரை மாய்த்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ய, அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. உயிரை விட முயல்வதைக் குற்றமாக்கிய சட்டத்தையும் 1998இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் இன்னும் பொலிசுக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் பொய் சொல்கிற வீடுகள் இருக்கின்றன.

குளிசை நுண்கடனைக் கட்டாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைக் கூட்டிவராது. அப்படி நான் சொன்னால் செருப்பால் அடியுங்கள். ஆனால் இரவு நித்திரை கொண்ட தாய்க்குத்தான் விடிய எழும்பிப் போய்க் கச்சேரி வாசலில் நிற்கத் தெம்பிருக்கும்.

நிலையத்து அறிவித்தல் பலகையில் மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில் மனநலக் கிளினிக் நாட்களையும், இரவு பகல் எந்நேரமும் எடுக்கக்கூடிய 1926 என்ற இலக்கத்தையும் எழுதிவிடுங்கள். தேருக்கு வைத்திருந்ததில் பாதி அதற்குத்தான். கிளினிக் போகிறவர்களின் ஓட்டோக் காசும், துணைக்குப் போகிறவரின் அன்றைய சம்பளமும் அதில் கொடுங்கள். தேர் ஒரு வருடம் பிந்தினால் முருகன் கோவிக்கமாட்டார்.

இந்த மடலை நிலையத்தில் ஒட்டலாம்.

அக்கா, நீங்கள் இங்கே வந்து நின்ற இரண்டு மாதமும் குசினித் தட்டில் இருந்த அந்தப் போத்தல், அதுக்குள் இருந்தது விற்றமின் இல்லை.

அன்புடன்,
சின்னம்மாவின் பெறாமகன்