வயல் நண்டு எங்கே போச்சு?

வரப்பைத் துளைக்குது, நாத்தை வெட்டுதுன்னு விவசாயி வயல் நண்டை ஏசுவார். ஆனால் கூத்தாநல்லூர் பக்கத்துக் கூலிக்காரர் வீடுகளில் காசில்லாமல் கிடைத்த கறி அதுதான். சளி பிடிச்சா நண்டு ரசம்தான் மருந்து. இன்று நண்டு வளையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கு. கிடைக்கிற நண்டையும் பிள்ளைக்குக் கொடுக்கத் தாய்க்குப் பயம்.

காரணம் புரியாததல்ல. பூச்சி, நண்டு, இறால் எல்லாமே கணுக்காலிகள். பூச்சியின் நரம்பைத் தாக்குற மருந்துக்கு, தண்டுத்துளைப்பான் எது, நண்டு எது என்று பிரிக்கத் தெரியாது. வயலில் தெளித்தது வடிகாலில் இறங்குது. மேட்டு வயல் மருந்து கடைமடைக்காரன் குளத்துக்கு வருது.

அமெரிக்காவின் லூசியானாவில் நெல்வயலிலேயே கிரேஃபிஷ் வளர்க்கிறார்கள். சிங்கி இறால் போல இருக்கும் நன்னீர் உயிரி அது. 1999-இல் ஃபிப்ரோனில் பூசிய நெல்விதை அங்கே விற்பனைக்கு வந்தது. கிரேஃபிஷ் செத்தது என்று வளர்ப்போர் வழக்குப் போட்டார்கள். 2004-இல் 4.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதே ஃபிப்ரோனில் நம்ம ஊர் மருந்துக்கடையில் குருணையாகக் கிடைக்குது. நம்ம நண்டுக்கு யார் இழப்பீடு தருவது?

விவசாயியைக் குற்றம் சொல்லாதீங்க. பயிரில் பூச்சி விழுந்தால், கடனுக்கு மருந்து தரும் கடைக்காரர் சொல்வதுதான் அவருக்கு வைத்தியம்.

சட்டமும் கையைக் கட்டிப் போட்டிருக்கு. 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநில அரசு ஒரு மருந்தை 60 நாளும், நீட்டித்தால் மேலும் 30 நாளும்தான் தடுத்து வைக்க முடியும். தற்கொலைகளைத் தடுக்க மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட 6 மருந்துகளைத் தமிழ்நாடு 2023 ஜனவரியில் நிறுத்தியதும் 60 நாளுக்குத்தான். நம்ம வயலில் எது விழலாம் என்பதை டெல்லிதான் முடிவு செய்யுமா?

நமது கோரிக்கைகள்:

🔴 ஆபத்தான மருந்துகளை நிரந்தரமாகத் தடை செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கு வேண்டும்.

🔴 கடைமடை வாய்க்கால் தண்ணீர், மீன், நண்டு ஆகியவற்றில் நஞ்சு எவ்வளவு என்று ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். முடிவைக் கிராமசபையில் தமிழில் வைக்க வேண்டும்.

🔴 மருந்தைக் குறைக்கும் விவசாயிக்கு மானியமும், நெல்லுக்குக் கூடுதல் கொள்முதல் விலையும் வேண்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமான்னு கேட்பவர்களுக்கு: நம்ம திருவாரூர் மாவட்டத்துத் திருத்துறைப்பூண்டியிலிருந்துதான் நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். தனி மனிதர் அவ்வளவு செய்ய முடிந்தால், அரசால் தண்ணீரைச் சோதிக்க முடியாதா?

அடுத்த கிராமசபையில் இந்த மூன்றையும் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள், தோழர்களே!

#வயலைக்_காப்போம் #டெல்டாவைக்_காப்போம்