என் பேரைச் சொல்றான்டா!

2019 மே மாதம். பாகூவில் நடக்கவிருந்த யூரோப்பா லீக் இறுதிப்போட்டிக்குச் சில நாட்கள் முன்பு, லண்டனிலிருந்து வரும் ஒரு கால்பந்து பாட்காஸ்டில் நான் அனுப்பிய கேள்வியை வாசித்தார்கள். என் பெயரைக் கடித்துக் குதறித்தான் வாசித்தார்கள். ‘சென்னை’ மட்டும் சரியாக வந்தது. பதில் பத்து வினாடிகூட இல்லை. ஆபீஸ் பஸ்ஸில், சோழிங்கநல்லூர் சிக்னலில், “டேய், என் பேரைச் சொல்றான்டா!” என்று கத்திவிட்டேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். “இதுல உன் பேரு எங்கடா வருது?” என்றார்.

(இறுதிப்போட்டியில் ஆர்சனல் செல்சீயிடம் 4-1 என்று தோற்றது. அது வேறு கதை.)

அந்தச் சந்தோஷத்தை நான் கேலி செய்யவில்லை. பல வருடம் நள்ளிரவு தாண்டி விழித்திருந்து, காலை மீட்டிங்கில் தூங்கி வழிந்தவனுக்கு அது கூலி மாதிரி. என் சண்டை வேறு.

அதே மே 22 அன்று மதுரையின் சேது எஃப்சி, லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை வீழ்த்தி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. அதற்கு முன், மார்ச்சில், சென்னை சிட்டி கோயம்புத்தூரில் ஐ-லீக் கோப்பையைத் தூக்கியிருந்தது. ஒரே மாநிலத்துக்கு ஒரே வருடத்தில் இரண்டு தேசியக் கோப்பைகள். எனக்கு இரண்டுமே தெரியாது. ஆர்சனலின் மாற்று ஆட்டக்காரருக்கு எந்தத் தொடையில் வலி என்பது தெரியும். சேது விஷயத்தைச் சொன்னது சித்தப்பா பெண். காலேஜ் டீமில் விங்கர். “அண்ணா, நீ புட்பால் ஃபேன்தானே?” என்று கேட்டாள். குத்தலாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமான சந்தேகம்.

2022 நவம்பரில் கோழிக்கோடு புள்ளாவூர் ஆற்றில் முதலில் மெஸ்ஸி நின்றார், பிறகு அவரைவிட உயரமாக நெய்மர், அதையும் மிஞ்சி ரொனால்டோ. அந்தக் கட்அவுட் படத்தை ஃபிஃபா பகிர்ந்தபோது நாடே பூரித்தது. மலையாளிகளைச் சொல்ல எனக்கு வாய் கிடையாது; அவர்கள் கொச்சி ஸ்டேடியத்தையும் நிரப்பிக் காட்டியவர்கள். ஆனால் படம் பகிர்ந்த அதே ஃபிஃபாதான் அந்த ஆகஸ்டில் இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை இடைநீக்கம் செய்து, பத்துப் பன்னிரண்டு நாளில் திரும்பச் சேர்த்தது. அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக்கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. அதில் ஆடிய ஒரு பெண்ணின் பெயரையாவது அன்று என்னால் சொல்லியிருக்க முடியுமா? கட்அவுட்டை மட்டும் ஏழு பேருக்கு ஃபார்வர்ட் செய்தேன்.

அடுத்த சில நாட்களில் தோஹா தெருக்களில் இங்கிலாந்து, பிரேசில், அர்ஜென்டினா ஜெர்சி போட்டுக் கொட்டடித்த நம்மவர்களை ‘போலி ரசிகர்கள்’ என்று ஐரோப்பிய ஊடகங்களில் எழுதினார்கள். கொதித்தோம். கொதிக்க வேண்டியதுதான். ஆனால் நாம் ரசிகனா இல்லையா என்று சொல்லும் அதிகாரத்தை அவர்கள் கையில் கொடுத்தது யார்? ஆற்றில் நிற்கும்போது அழகு, தெருவில் நடந்தால் போலி. இரண்டு சான்றிதழும் ஒரே கவுண்ட்டரில்தான் கிடைக்கின்றன. நாம் வரிசையில் நிற்கிறோம்.

“தரம் இல்லையே பாஸ்” என்பார்கள். 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை இந்தியா 5-0 என்று வென்றபோது மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். சுனில் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். ஐரோப்பிய கிளப்களின் ரசிகர்களே, நம் ஆட்டம் அந்தத் தரத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை, ஒப்புக்கொள்கிறேன். திட்டுவதானாலும் நேரில் வந்து திட்டுங்கள் என்றார். ஹாட்ரிக் அடித்த மனுஷன் கையேந்திக் கேட்டார். கென்யா ஆட்டத்துக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. அந்த வீடியோவுக்கு நானும் லைக் போட்டேன், பெங்களூரு ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு. அங்கேயே ஆடும் சேத்ரியின் கிளப் ஆட்டத்துக்கு ஒருமுறைகூடப் போனதில்லை.

போன மாதம் சித்தப்பா பெண்ணின் மேட்சுக்குப் போனேன். காலை ஏழு மணி, பாதிப் புல், பாதி மண். எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தோரு பேர், டீக்கடைக்காரரையும் சேர்த்து. 2-1 என்று தோற்றார்கள். இந்தக் கட்டுரையில் உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். ஷூவைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டே, “என் பேரு எதுக்குண்ணா? அந்த ஒரு கோல் போட்டது எங்க பத்தாம் நம்பர். அவ பேரைக் கேட்டு எழுது” என்றாள்.

கேட்கப் போனேன். அதற்குள் அந்தப் பெண் பஸ் பிடிக்க ஓடிவிட்டாள். அடுத்த மேட்ச் வரும் ஞாயிற்றுக்கிழமை.